ஓட்டாத நாட்களில் லிப்போ: திருகோணமலை வெயிலிலும் உப்புக் காற்றிலும் பற்றரியைப் பேணும் முறை

என்னுடைய முதலாவது லிப்போ பற்றரி ஓட்டத்தின்போது பழுதாகவில்லை. அலுமாரிக்கு மேலே சும்மா கிடந்தே பழுதானது. சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள் இரவு, விடிந்ததும் உப்புவெளிக் கடற்கரையில் ரிமோட் கார் ஓட்டலாம் என்ற ஆசையில் அதற்கு முழுமையாகச் சார்ஜ் ஏற்றி வைத்தேன். காலையில் வீடு நிறைய உறவினர் வந்துவிட்டனர். பிறகு வேலை, பிறகு காய்ச்சல் என்று நாட்கள் போயின. மூன்று கிழமை கழித்து எடுத்துப் பார்த்தபோது, செங்கல் போலத் தட்டையாக இருந்த அந்தப் பொதி நடுவில் பொரித்த அப்பளமாக உப்பி, மேசையில் வைத்தால் நிலையாக நிற்காமல் ஆடியது. அந்த அறைக்குத் தகரக் கூரை. அலுமாரியின் மேற்பரப்போ கூரைக்கு ஒரு முழம் கீழே. ஒரே ஒரு தடவைகூட முழுமையாக ஓடாத பற்றரியை அப்படியே கழிக்க வேண்டியதாயிற்று.

ரிமோட் கார், படகு, விமானம் ஆகியவற்றைப் புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் எப்படி வேகமாக ஓட்டுவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பற்றரியின் ஆயுளைத் தீர்மானிப்பது ஓடும் இருபது நிமிடங்களைவிட, அது சும்மா கிடக்கும் மீதி நாட்கள்தாம். திருகோணமலையில் அந்தச் சும்மா கிடக்கும் நாட்கள் இரண்டு வகையில் கடுமையானவை: வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெப்பம், ஐப்பசி தொடங்கி வாடைக் காலம் முடியும்வரை ஈரமும் நீண்ட ஓய்வும். இரண்டுக்கும் நடுவே, ஆண்டு முழுவதும் கடலின் உப்பு. இந்த வழிகாட்டி அவற்றை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

பற்றரியின் மேல் எழுதியிருப்பதை முதலில் வாசியுங்கள்

லிப்போ என்பது லிதியம் பொலிமர் என்பதன் சுருக்கம். கையடக்கத் தொலைபேசியில் இருப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் தொலைபேசிப் பற்றரிக்குள் காவலாக ஒரு சிறிய மின்சுற்று இருக்கும். நமது வாகனங்களுக்கான பொதிகள் பெரும்பாலானவற்றில் அந்தக் காவல் கிடையாது. அந்தக் காவலர் வேலையை நீங்களே பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் நிபந்தனை.

பொதியில் மூன்று விடயங்கள் எழுதப்பட்டிருக்கும். 2எஸ், 3எஸ் என்பது உள்ளே தொடராக இணைக்கப்பட்ட கலங்களின் எண்ணிக்கை. ஒரு கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ற்று, முழுமையாக ஏற்றினால் 4.20 வோல்ற்று. ஆகவே 2எஸ் பொதி 7.4 என்று எழுதப்பட்டு 8.4 வரை ஏறும். 3எஸ் பொதி 11.1 என்று எழுதப்பட்டு 12.6 வரை ஏறும். 5000, 2200 போன்ற எண் கொள்ளளவு, அதாவது மில்லி அம்பியர் மணி. சி என்ற எழுத்தோடு வரும் எண், எவ்வளவு வேகமாக மின்னை எடுக்கலாம் என்று தயாரிப்பாளர் கூறுவது. 5000 பொதியில் 50சி என்றிருந்தால் 250 அம்பியர் என்று பொருள்; அந்த எண்ணை நான் விளம்பரமாகவே எடுத்துக்கொள்கிறேன், நீங்களும் முழுமையாக நம்ப வேண்டியதில்லை.

பொதியிலிருந்து இரண்டு விதமான வயர்கள் வெளிவரும். தடித்த சிவப்பும் கறுப்பும் மோட்டருக்குச் செல்வன. மெல்லிய வயர்கள் கொண்ட வெள்ளை நிறச் சிறு பிளக், பாலன்ஸ் பிளக். 2எஸ் பொதியில் மூன்று வயர்களும் 3எஸ் பொதியில் நான்கு வயர்களும் அதில் இருக்கும். ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியாகப் பார்க்க உதவும் ஒரே வாசல் அதுதான். கலம் பார்க்கும் சிறு மீற்றர் ஒன்றை வாகனத்தோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். மல்ற்றிமீற்றரின் ஊசிகளாலும் அளக்கலாம்; ஆனால் கை சற்று நழுவினால் அருகருகே உள்ள இரண்டு முனைகளும் தொட்டுப் பொறி பறக்கும்.

பொதியில் எச்வி என்று எழுதியிருந்தால் அது 4.35 வோல்ற்று வரை ஏறும் தனி வகை. சாதாரண லிப்போவை அந்த முறையில் ஒருபோதும் ஏற்றக் கூடாது.

ஓட்டி முடிந்த அன்றிரவே செய்ய வேண்டியது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தப் பகுதியை வைத்திருங்கள். லிப்போவுக்கு நிறைந்த வயிறும் ஆகாது, பட்டினியும் ஆகாது. முழுமையாக ஏற்றிய கலத்தினுள் மின்பகுபொருள் மெல்ல மெல்லச் சிதைந்து வாயு உண்டாகிறது. அதைத்தான் நாம் உப்புதல் என்கிறோம். சூடு கூடக்கூட அந்தச் சிதைவு வேகமடையும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் இத்தகைய சிதைவின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. 20 பாகைக் குளிரறையில் முழுச் சார்ஜோடு ஒரு கிழமை தாங்கும் பொதியை, 35 பாகையைத் தொடும் நமது அறையில் அதே நம்பிக்கையோடு வைக்க முடியாது. மறுபக்கம், கலம் 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் பாதிப்புத் தொடங்குகிறது. 2 வோல்ற்றுக்கும் கீழே போய்விட்டால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கி, மீண்டும் ஏற்றும்போது அந்தச் செப்பு வேண்டாத இடத்தில் படிந்து உட்குறுக்குச் சுற்றை உண்டாக்கக்கூடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

ஆகவே பற்றரியை வைக்க வேண்டிய நிலை நடுநிலை: கலத்துக்கு 3.80 முதல் 3.85 வோல்ற்று. 2எஸ் பொதிக்கு மொத்தம் 7.6 முதல் 7.7 வரை, 3எஸ் பொதிக்கு 11.4 முதல் 11.55 வரை. கொள்ளளவில் ஏறத்தாழ பாதி.

அதற்கு முதலாவது படி, பற்றரியை வாகனத்திலிருந்து கழற்றுவது. வாகனத்தின் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மோட்டரின் வேகத்தை ஆளும் ஸ்பீட் கொன்ட்ரோலர், சுவிட்ச் அணைந்த பின்னும் சிறிதளவு மின்னை உறிஞ்சிக்கொண்டிருக்கக் கூடும். சுவிட்சையே மறந்துவிட்டால் இரண்டு நாட்களில் பொதி செத்துவிடும். இரண்டாவது படி, குறைந்தது அரை மணி நேரம் நிழலில் ஆற விடுவது. ஓடி முடிந்த உடனே அளந்தால் மின்னழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஓய்ந்த பின் சற்று மேலெழும். ஆறிய பின் கலம் கலமாக அளந்து, 3.80க்குக் கீழே இருந்தால் சார்ஜரில் ஸ்டோரேஜ் என்ற முறையைத் தெரிவு செய்து ஏற்றுங்கள். சார்ஜர் சரியான இடத்தில் தானாகவே நின்றுவிடும்.

ஏற்றிய பற்றரி ஓட்டப்படாமல் மிஞ்சினால்தான் சிக்கல். சார்ஜரின் ஸ்டோரேஜ் முறை அதையும் இறக்கித் தரும். ஆனால் மிக மெதுவாக. பரவலாகக் கிடைக்கும் பி6 வகைச் சார்ஜர்கள் மின்னை இறக்கும்போது 5 வாற்று அளவே எடுக்கின்றன. முழுமையாக ஏற்றிய 2எஸ் 5000 பொதியில் 37 வாற்று மணி இருக்கிறது. அதில் பாதியை இறக்கவே நான்கு மணி நேரம்வரை செல்லும். மோட்டார் சைக்கிள், கார் உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் 12 வோல்ற்று 21 வாற்று மின்குமிழ் ஒன்றுக்குப் பொருத்தமான பிளக்கைப் பற்றவைத்துக்கொண்டால் அதே வேலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடியும். குமிழ் தொட முடியாத அளவு சுடும் என்பதாலும் தானாக நிற்காது என்பதாலும், மின்னழுத்தம் குறைந்தால் ஒலிக்கும் சிறு அலாரத்தைப் பாலன்ஸ் பிளக்கில் செருகி 3.8 வோல்ற்றில் ஒலிக்க வைத்து, பக்கத்திலேயே இருந்து செய்ய வேண்டும்.

இதைவிட இலகுவான வழி ஒன்றுண்டு: ஓட்டப் போவது நிச்சயமானால் மட்டும் ஏற்றுவது. இப்போது நான் ஓட்டப் போகும் நாள் காலையில்தான் ஏற்றுகிறேன். காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக எழும்புவது, பற்றரிக்குக் கொடுக்கும் விலையைவிட மலிவு. மழையோ விருந்தாளியோ குறுக்கிட்டால் அன்றிரவே நடுநிலைக்கு இறக்கிவிடுகிறேன். மற்ற ஊர்களில் இரண்டு மூன்று நாட்கள் பொறுக்கலாம் என்பார்கள், கச்சான் வீசும் காலத்தில் நான் ஒரு நாள்கூடப் பொறுப்பதில்லை. சில ட்ரோன்களின் பற்றரிகள் சில நாட்களில் தாமாகவே மின்னை இறக்கிக்கொள்ளும் திறன் உடையவை. கார், படகுப் பொதிகளுக்கு அந்த வசதி கிடையாது.

இறுதியாக, அலாரத்தைப் பாலன்ஸ் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். ஒலிக்காமல் இருந்தாலும் அது மின்னை உண்டுகொண்டே இருக்கும். சில வகைகள் முதலாவது கலத்திலிருந்து மட்டும் உண்ணும். பற்றரியைக் காக்க வாங்கிய சாதனமே பற்றரியைக் கொன்ற கதை நமது நண்பர்களிடையே ஒன்றுக்கு மேல் உண்டு.

வைக்கும் இடம்

தகரக் கூரைக்கோ அஸ்பெஸ்டஸ் கூரைக்கோ அருகில் உயரமாக வைக்காதீர்கள். வீட்டில் சூடு குறைந்த இடம் பெரும்பாலும் சீமெந்துத் தரைதான். யன்னலோர வெயில் படாத, வீட்டுக்குள் காற்றோட்டமுள்ள அறையின் தரை, சுவரோரம், மேலே திரைச்சீலையோ புத்தகத் தட்டோ இல்லாத இடம் என்று தேடுங்கள். அடுப்படியில் காஸ் சிலிண்டருக்கு அருகிலும், வாசலை மறிக்கும் இடத்திலும், கட்டிலுக்குக் கீழேயும் வேண்டாம். தீப்பற்றினால் நீங்கள் வெளியேற வேண்டிய வழியில் அது இருக்கக் கூடாது.

பாத்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லிப்போ பை என்று விற்கப்படும் தீயெதிர்ப்புத் துணிப் பைகள் தீயின் வேகத்தைத் தணிக்கும், முழுமையாக அடக்கமாட்டா. நான் பாவிப்பது சந்தையில் வாங்கிய மண்சட்டி. அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு உலர்ந்த மணல், அதன் மேல் பையிலிட்ட பற்றரி, மேலே பாரமில்லாமல் வெறுமனே வைத்த மண் மூடி. மண் வெப்பத்தைத் தாங்கும், மின்னைக் கடத்தாது, மூடி இறுக்கமில்லாததால் வாயு வெளியேற வழியிருக்கும். ஒரு சட்டிக்கு ஒரு பொதி. இரண்டை ஒன்றாக வைத்தால் ஒன்றின் சூடு மற்றையதையும் பற்ற வைத்துவிடும். மணல் ஆற்று மணலாக இருக்க வேண்டும். வீட்டுக்கு எதிரே கடற்கரை இருக்கிறதே என்று அங்கிருந்து அள்ளி வந்தால், அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மணலை எப்போதும் நசநசப்பாக வைத்திருக்கும். உப்பு ஈரம் மின்னைக் கடத்தும்.

பிஸ்கற் தகரத்தில் வைப்பவர்களும் உண்டு. வைப்பதானால் கொனெக்டரின் முனைகளுக்கு மூடியிட்டு, உட்புறம் உலர்ந்த கனமான அட்டை விரித்து, தகர மூடியில் சில துளைகள் இட்டுக்கொள்ளுங்கள். காற்றுப்புகாமல் இறுக மூடும் எந்தப் பெட்டியும், அது எவ்வளவு பலமானதோ அவ்வளவுக்கு ஆபத்தானது; உள்ளே வாயு பெருகினால் பெட்டியே வெடிக்கும்.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நடுநிலையில் உள்ள பற்றரிக்கு நிழலான அறை போதும். நமது ஈரக் காற்றில் குளிர்ந்த பொதியை வெளியே எடுத்தவுடன் அதன் மேல் நீர் பூக்கும்; உணவு வைக்கும் பெட்டிக்குள் இந்தப் பொருளை வைப்பதும் நல்ல பழக்கமல்ல.

காரில் விட்டுச் செல்லாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நிலாவெளியிலோ டச்சுக் குடாக் கடற்கரையிலோ நண்பகலில் கண்ணாடி மூடி நிறுத்திய காரின் உட்புறம் 60 பாகையை நெருங்கக்கூடியது. கடற்கரைக்குக் கொண்டுபோகும் பொதிகளை வெள்ளை நிறப் பெட்டியில், மர நிழலில் வையுங்கள்.

உப்பு

கடற்கரையில் ஓட்டியவர்கள் வாகனத்தைக் கழுவுவார்கள், கொனெக்டரை மறந்துவிடுவார்கள். சில மாதங்களில் பொன்னிற முனை மங்கி, ஓரத்தில் பச்சைப் பூஞ்சணம் போன்ற படிவு தோன்றும். அந்தப் படிவு மின்தடையைக் கூட்டும், தடை கூடிய இடம் ஓட்டத்தின்போது சுடும், சுட்ட இடத்தில் பற்றவைத்த ஈயம் இளகும். பாலன்ஸ் பிளக்கின் மெல்லிய ஊசிகளில் இது நடந்தால் சார்ஜருக்குக் கலத்தின் மின்னழுத்தம் பிழையாகத் தெரியும். பிழையாகத் தெரிந்தால் பிழையாகவே ஏற்றும். ஒவ்வொரு கடற்கரை நாளுக்குப் பின்னும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பொதியைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, கொனெக்டர் முனைகளை ஐசோபுரொப்பைல் அற்ககோலில் தோய்த்த சிறு தூரிகையால் துலக்குங்கள். துடைக்கும்போது ஈரத் துணி இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படகு கவிழ்ந்து பொதி கடல்நீரில் மூழ்கினால் கதை வேறு. உடனே கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, வெளியே பாதுகாப்பான இடத்தில் மண்சட்டிக்குள் வைத்து ஓரிரு நாள் கவனியுங்கள். கலத்திலிருந்து வெளிவரும் நேர்முனைத் தகடு அலுமினியம். உறைக்குள் புகுந்த உப்புநீர் அதை வெளியே தெரியாமலே அரித்துவிடும். கடலில் மூழ்கிய பொதியை நான் மீண்டும் பாவிப்பதில்லை. படகு ஓட்டப் பழகுபவர்கள் கந்தளாய்ப் பக்கம் போனால் நன்னீரிலேயே பழகலாம். பற்றரிக்கும் மோட்டருக்கும் அது நல்லது.

ஏற்றும்போது

சார்ஜரை விறாந்தையின் நிழலான சீமெந்துத் தரையில் வையுங்கள். பாயிலும் மெத்தையிலும் மர மேசையிலும் வேண்டாம். ஒரு கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும். ஓடிய சூட்டோடு ஏற்றாதீர்கள். ஓட்டம் முடிந்ததும் பொதி எவ்வளவு சுடலாம் என்பதற்கு என்னிடம் ஓர் ஊர் அளவுகோல் இருக்கிறது: கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளும் வெவ்வேறு சூடு, ஆனாலும் எல்லாவற்றிலும் அள்ளிக் குளிக்க முடிகிறது. பொதியும் அப்படிக் கைபொறுக்கும் சூட்டில் இருந்தால் பரவாயில்லை. கையை வெடுக்கென்று எடுக்க வைத்தால் வாகனத்தின் பல்சக்கர விகிதமோ மோட்டரோ பற்றரிக்கு மிஞ்சியது என்று பொருள்.

பிளக் செருகும் ஒழுங்கு முக்கியமானது. சார்ஜிங் வயரின் பனானா பிளக்குகளை முதலில் சார்ஜரில் செருகிய பிறகே மறுமுனையில் பற்றரியை இணைக்க வேண்டும். மாறிச் செய்தால் பனானா பிளக்கின் மொட்டை முனைகள் இரண்டும் கையில் தொங்கும்போது உயிரோடு இருக்கும். ஒன்றையொன்று தொட்டால் கண் முன்னே பொறி. கழற்றும்போது இதே ஒழுங்கு தலைகீழாக. பின்னர் திரையில் லிப்போ வகை, கலங்களின் எண்ணிக்கை, மின்னோட்டம் மூன்றையும் வாய்விட்டு வாசித்து உறுதி செய்யுங்கள். மின்னோட்டம் 1சி, அதாவது 5000 பொதிக்கு 5 அம்பியர், 2200 பொதிக்கு 2.2 அம்பியர். முறை எப்போதும் பாலன்ஸ், அதாவது எல்லாக் கலங்களையும் சமமாக ஏற்றும் முறை. நிக்கல் பற்றரிக்கான முறையில் லிப்போவை ஏற்றினால் சார்ஜர் 4.20இல் நிற்காது, தீவிபத்துக்கு அதைவிட நேரான வழி இல்லை.

இதே பிழை வாகனத்திலும் ஒளிந்திருக்கிறது. ஆரம்பநிலைக் கார்கள் பலவற்றின் ஸ்பீட் கொன்ட்ரோலரில் பற்றரி வகையைத் தெரிவு செய்ய, இடம் மாற்றிச் செருகும் ஒரு சிறு ஜம்பர் இருக்கும். அது நிக்கல் பக்கம் இருந்தால் கலம் வற்றும்போது வண்டியை நிறுத்தும் பாதுகாப்பு லிப்போவுக்கு வேலை செய்யாது. முதல் ஓட்டத்துக்கு முன் அதைப் பாருங்கள். பாதுகாப்பு இருந்தாலும் வண்டி வேகம் குறைவதாகத் தோன்றியவுடன் நிறுத்துங்கள். கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்காமல், 5000 பொதியிலிருந்து 4000 அளவோடு முடித்துக்கொள்வது நல்ல கணக்கு.

மின்வெட்டைப் பற்றி நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை இருளில் இருந்தவர்கள் நாம். ஏற்றிக்கொண்டிருக்கும்போது மின் போனால் பற்றரியை உடனே கழற்றிவிடுங்கள். மின் திரும்பியதும் சில நிமிடங்கள் பொறுத்துச் சார்ஜரை மாத்திரம் இயக்கி, பின்னர் புதிதாகத் தொடங்குங்கள். ஏற்றுவதை அரைகுறையாக விட்டுக் கடைக்குப் போகும் பழக்கம் வேண்டாம். போக வேண்டி வந்தால் நிறுத்தி, கழற்றிவிட்டுப் போங்கள்.

போயாவுக்குப் போயா

நடுநிலையில் வைத்த பற்றரி தானாக இழக்கும் மின் மிகக் குறைவு. ஆனாலும் மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். திகதி வைத்தால் மறந்துபோகும் என்பதால் நான் போயா தினத்தை வைத்திருக்கிறேன். விடுமுறை, நாட்காட்டியில் தெளிவாகத் தெரியும், எந்த மாதமும் தப்பாது. வாடை மழையில் ஐப்பசி முதல் தை வரை வண்டி வெளியே வராமல் கிடக்கும் காலத்தில்தான் இந்தப் பழக்கம் பெரிதும் கைகொடுக்கிறது.

ஒவ்வொரு பொதிக்கும் ஓர் எண் எழுதி ஒட்டுங்கள். ஒரு கொப்பியில் எண், திகதி, ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தம், சார்ஜர் காட்டினால் மில்லி ஓமில் உட்தடை ஆகியவற்றைக் குறியுங்கள். ஏன் என்பதற்கு என் கொப்பியிலிருந்தே ஒரு பக்கம். மூன்றாம் இலக்கப் பொதி, மழை தொடங்கும்போது: 3.84, 3.84, 3.83. அடுத்த போயா: 3.84, 3.84, 3.79. அதற்கடுத்தது: 3.83, 3.84, 3.68. முதலில் அலாரத்தைச் சந்தேகித்தேன். அது கழற்றித்தான் இருந்தது. பிளக்கைத் துலக்கி மறுபடி அளந்தேன், எண் மாறவில்லை. மூன்றாவது கலம் உள்ளே தனியாகக் கசிகிறது என்பது அப்போதுதான் புலப்பட்டது. பொதி உப்பவில்லை, வண்டியும் வழமைபோல ஓடியது, மொத்த மின்னழுத்தத்தை மாத்திரம் பார்த்திருந்தால் 11.35 என்று கண்டு நல்லதென்றே நினைத்திருப்பேன். அதைக் கழித்துவிட்டேன்.

நல்ல பொதியில் கலங்களுக்கிடையே வேறுபாடு 0.01, 0.02 அளவில் நிற்கும். 0.05 ஆனால் கவனியுங்கள். பாலன்ஸ் முறையில் ஏற்றிய பின்னரும் ஓரிரு நாட்களில் 0.1 வேறுபட்டால் அதன் காலம் முடிந்தது. உட்தடையைப் பொறுத்தவரை தனி எண்ணைவிட மாற்றமே பேசும். புதிதாக இருந்தபோது குறித்ததைவிட இரட்டிப்பாகிவிட்டால் வேறு பொதி தேடலாம்.

வெளிநாட்டிலிருந்து வருவோர் கொண்டுவந்தால்

உறவினர் விமானத்தில் கொண்டுவருவதானால் உதிரிப் பற்றரி கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாற்று மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 3எஸ் 2200 பொதி ஏறத்தாழ 24, 2எஸ் 5000 பொதி 37 என்பதால் நமது பொதிகள் அதற்குள் அடங்கும். எண்ணிக்கை வரையறை விமான நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். முனைகளுக்கு இன்சுலேஷன் ரேப் ஒட்டி, தனித்தனிப் பையில், நடுநிலையிலோ அதற்கும் குறைவாகவோ மின்னோடு வர வேண்டும்.

பொதி உப்பிவிட்டால், புகைந்தால்

பொதியைக் கண்ணாடி மேசையில் வைத்து விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். தட்டையானது உராய்ந்து நிற்கும். உப்பியது பம்பரமாகச் சுழலும். உப்பியதை ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று சொல்லும் அறிவாளிகள் எங்கும் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். உள்ளே இருப்பது தீப்பற்றும் வாயு. உப்பியதை, உறை கிழிந்ததை, இனிப்பான இரசாயன வாசனை வருவதை மீண்டும் ஏற்றவே கூடாது. விழுந்து மோதிய பொதியை வெளியே சட்டியில் சில மணி நேரம் வைத்துக் கவனித்த பின்னரே உள்ளே கொண்டுவாருங்கள்.

ஏற்றும்போது சீறல் சத்தமோ புகையோ வந்தால் முதலில் சுவர் சுவிட்சை அணையுங்கள், பொதியைக் கையால் தூக்காதீர்கள், வீட்டிலிருப்பவர்களை வெளியே அனுப்புங்கள். அந்தப் புகையில் ஐதரசன் புளோரைட்டு என்ற நச்சு வாயு இருக்கக்கூடும் என்பதால் மூச்சில் படக் கூடாது. எட்டி நின்று செய்ய முடிந்தால் மாத்திரம் வாளி மணலைக் கொட்டுங்கள். லிதியம் என்பதால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது பரவலான ஒரு பிழை; இந்தப் பற்றரிகளில் உலோகக் கட்டியாக லிதியம் இல்லை, மின் துண்டிக்கப்பட்ட பின் தாராளமாக ஊற்றும் தண்ணீர் சூட்டைத் தணித்து அக்கம் பக்கத்துக்குத் தீ பரவாமல் காக்கும். சாதாரண தூள் தீயணைப்பான் சுற்றியிருப்பவற்றின் தீயை அணைக்கும், கலத்துக்குள் நடப்பதை நிறுத்தாது. கட்டுக்கடங்காவிட்டால் வெளியேறித் தீயணைப்புச் சேவைக்கு 110இல் அழையுங்கள். புகையைச் சுவாசித்தவருக்கு அம்புலன்ஸ் சேவை 1990. அணைந்துவிட்டது என்று தோன்றினாலும் மறுபடி பற்றலாம் என்பதால் பல மணி நேரம் வெளியிலேயே கிடக்கட்டும்.

கழிக்கும் முறை

கழிக்கும் பொதியின் மின்னை முதலில் முழுமையாக வெளியேற்ற வேண்டும். உப்புநீர் வாளிக்குள் போட்டுவிடுவது பழைய ஆலோசனை. உப்பு முதலில் முனைகளை அரித்துவிடுவதால் மீற்றர் பூச்சியம் காட்டும்போதும் கலத்துக்குள் மின் மிஞ்சியிருக்கக்கூடும். மேலே சொன்ன அதே 12 வோல்ற்று மின்குமிழை வெளி முற்றத்தில், மழையும் பிள்ளைகளும் அணுகாத இடத்தில் பொதியோடு இணைத்து, ஒளி முற்றாக மங்கி மீற்றரில் பூச்சியம் தெரியும்வரை விட்டுவிடுங்கள். மோசமாக உப்பியதையோ, உறை கிழிந்ததையோ இப்படி இறக்க முயலாமல் சட்டியோடு வெளியே வைத்து, சேகரிப்பவரிடம் நிலைமையைச் சொல்லி ஒப்படையுங்கள். பூச்சியமான பின் தடித்த வயர்களை ஒவ்வொன்றாக, ஒரே வெட்டில் இரண்டையும் சேர்க்காமல் வெட்டி, முனைகளுக்கு ரேப் ஒட்டி, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளரிடம் சேர்ப்பியுங்கள். வீட்டுக் குப்பையோடு போட்டால் குப்பை வண்டி அழுத்தும்போது நசுங்கும். தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் செப்பு இருக்கிறது என்று ஆசையோடு கேட்பார். அவர் வீட்டுத் திண்ணையில் சுத்தியலால் உடைத்துப் பார்ப்பார் என்பதால் அவரிடமும் கொடுக்காதீர்கள். கொப்பியில் அந்தப் பொதியின் எண்ணை வெட்டிவிட்டு, அதே எண்ணைப் புதிய பொதிக்கு இடாமல் அடுத்த எண்ணை எழுதுங்கள்; இல்லாவிட்டால் பழைய அளவுகளும் புதிய அளவுகளும் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.